கிரகணம் பார்க்க வெட்டிய ஸ்கேன் படம்

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்த வருடம். நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு காலனியில் குடியிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே தலையில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்து, அந்த நீர் வயிற்றுக்கு இறங்க உள்ளே ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

அவள் தேறியபின் ஒரு ஸ்கேன் எடுத்து, படத்தை எங்களிடமே கொடுத்தார் டாக்டர். “இது குழாய் நல்லா வேலை செய்யறப்ப எடுத்தது. நாளைக்கு அடைச்சுக்கிட்டா, இதோட வச்சுப் பார்த்தாதான் தெரியும்” என்றார். நகையோடு நகையாக பீரோவில் வைத்திருந்தேன்.

கிரகணம் முடிந்து சில வாரங்களில் அவளுக்குத் தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம். குழாய்தான் அடைத்துக்கொண்டதோ என்று பட்டது. படத்தை எடுக்கப் போனால் வெறும் கவர்தான் இருந்தது.

எங்களோடு இருந்த கணவரின் அண்ணனைக் கேட்டேன். “அதாம்மா, நீ ஊரப்பாக்கத்துல உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப வெட்டி, தெருப் பசங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். வெறுங்கண்ணால சூரியனைப் பார்த்து கண்ணு கெட்டுடக் கூடாதுல்ல? பழைய படம்தானே. குழந்தைக்குத்தான் சரியாயிடுச்சே” என்றார், வெகு சாதாரணமாக. வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புது ஸ்கேனில் மூளைக்குள் நீர் தங்கும் அறைகள் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் இந்த வியாதி உள்ள குழந்தைகளுக்கு அவை எப்போதுமே கொஞ்சம் பெரிதாக இருக்கலாமாம். “முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியலையேம்மா. ரெண்டு நாள் பார்க்கலாம்” என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் நகல் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு காலையில் அவள், “அம்மா, ஏன் இன்னும் லைட் போடலை?” என்று கேட்டாள். ஜன்னல் வெயில் அவள் கட்டில் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

அன்றே ஆபரேஷன் செய்தார்கள். குழாய் அடைத்துத்தான் இருந்தது; தேங்கிய நீரின் அழுத்தத்தில் கண் நரம்பு கெட்டுப்போயிருந்தது. உயிர் மிஞ்சியது, பார்வை திரும்பவில்லை.

அந்த மனிதர் இன்றுவரை “தப்பு பண்ணிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலையெழுத்து என்றார், அவ்வளவுதான். மகளிடம் நானும் எதையும் சொல்லவில்லை. அவருக்காக இல்லை, அவளுக்கு இருக்கிற நாலு சொந்தத்தில் ஒன்றைக் குறைக்க மனசு வரவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே “பெரியப்பா” என்று சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். தெரியாததால் அவளிடம் அந்தப் பாசம் தங்கியிருக்கிறது. தெரிந்த நான், உள்ளே அவருக்குக் காபி கலக்கும்போதெல்லாம் வயிறெரிந்துகொண்டுதான் இருக்கிறேன்.