அம்மன் சரி என்றாள்

லுகாங் ஊரில் கடல் காக்கும் மாட்ஸு அம்மன் கோயிலில் தினமும் விடியற்காலையில் அம்மனுக்குத் தேநீர் ஊற்றி வைப்பவள் பாவ்ச்சு. அவள் புருஷன் தியென்ஃபு, அம்மன் ஊர்வலத்தின் முன்னால் குழல் ஊதிப் போனவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குழலும் போயிற்று, பாதிப் பேச்சும் போயிற்று. மிச்சம், அவர் வாசித்ததை மகள் படம் பிடித்து, தன் ஆப்பிள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்ததுதான். அந்தக் கம்ப்யூட்டரையும் மகள் விற்றுவிட்டாள்.

அம்மன் பிறந்தநாளுக்குப் பெரிய திரையில் அதைப் போடலாம் என்றான் கோயில் ஆபீஸ் ஆகுன். தியென்ஃபு புதுச் சட்டை கேட்டுப் போட்டுக்கொண்டார்.

ஆபீஸில் இருந்தது விண்டோஸ். கம்ப்யூட்டர் சமர்த்தாக இருக்க, ஊர் வழக்கப்படி அதன் தலையில் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை ஆகுன் நேராக்கினான்.

"அது கெட்டுப்போய் ஒரு மாசம் ஆச்சுடா. உன்னை மாதிரியே" என்றாள் பாவ்ச்சு.

"சும்மா இருங்கக்கா."

டிஸ்க்கைச் செருகியதும் 'பார்மட் செய்யவா?' என்று கேட்டது. உள்ளதெல்லாம் அழியும் என்றும் எச்சரித்தது.

"எல்லா டிஸ்க்குக்கும் இப்படித்தான் பயமுறுத்தும்" என்றான் ஆகுன்.

"எதுக்கும் அம்மனைக் கேட்டுடுவோம்."

பாவ்ச்சு குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, அமுக்கட்டுமா?" தரையில் போட்டதும் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தது, அம்மன் சம்மதிக்கும் விதம். சரி. மறுபடியும் சரி. மூன்றாம் தடவையும் சரி.

ஆகுன் அமுக்கினான். டிஸ்க் திறந்தது, காலியாக. வேலை செய்கிறதா என்று பார்க்க, இந்த வருஷ ஊர்வலப் படங்களை அது நிறையும்வரை அதில் கொட்டினான். பிறகுதான் தியென்ஃபு வாசித்த படத்தைத் தேடினார்கள்; அது எங்கும் இல்லை.

சந்தைத் தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரர் டிஸ்க்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அக்கா, ஆப்பிளுக்கு விண்டோஸ் டிஸ்க்கை வாசிக்கவாவது தெரியும், எழுதத்தான் வராது. விண்டோஸுக்கு ஆப்பிள் டிஸ்க் வெத்துத் தகடு. லினக்ஸ் ரெண்டையும் வாசிச்சிடும். எங்கிட்ட இருக்கே, கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

"இப்ப வாசிக்காதா?"

"பார்மட்டோட விட்டிருந்தா தோண்டி எடுத்திருப்பேன். மேலேயே எழுதிட்டீங்களே."

வழியெல்லாம் பாவ்ச்சு அம்மனை நொந்துகொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அமுக்கட்டுமா என்றுதானே கேட்டாள்? அவர் வாசிப்பு அழியுமா என்று கேட்கவில்லையே.

கோயிலில் பெரிய திரைக்கு நேராகச் சக்கர நாற்காலியில் தியென்ஃபு காத்திருந்தார். அவர் விரல்கள் முழங்காலில் குழலின் துளைகளைத் தேடிக்கொண்டிருந்தன.

"எ...ப்ப?" என்றார்.

பாவ்ச்சு அவர் கடைவாயைத் துடைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குள்ளும் அவை ஓயவில்லை.