எங்கள் பழைய பிக்கப் எவ்வளவு இழுக்கும்?

இன்று காலை, எடைமேடையில்...

இப்போதுதான் வீடு வந்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்!

ஆந்திர எல்லையில் நகரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. ஜூஸ் ஃபேக்டரியில் லோடு இறக்க இன்றைக்குத்தான் டோக்கன். விட்டால் அத்தனை மாங்காயும் பழுத்து வீணாகும். பறித்து டிராக்டர் டிரெய்லரில் குவித்தாயிற்று.

(எங்கள் ஊரில் யாரும் எடை பார்த்து ஏற்றுவதில்லை. பக்கப்பலகைக்கு மேலே கோபுரமாக வந்தால் அது ஒரு லோடு. அவ்வளவுதான் கணக்கு!)

கிளம்பும் நேரம் பார்த்து டிராக்டர் கிளட்ச் போய்விட்டது.

தம்பி கஜா அசரவே இல்லை.

"இன்னாத்துக்குக்கா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? நம்ம பிக்கப்ல மாட்டிக்கினு போலாம்."

நைனா காலத்து டீசல் பிக்கப் அது. மருந்தடிக்கும் டேங்க்கை இழுக்கப் பின்னால் ஒரு கொக்கி போட்டு வைத்திருந்தான் கஜா. டேங்க் எங்கே, இந்த மலை எங்கே!

"இவ்ளோ லோடு இழுக்குமாடா?"

"டிராக்டர் நாப்பது எச்பி. இது அறுபது எச்பி. அதுவே இழுக்குதுன்னா இது இழுக்காதா? நீ பி.காம் தான படிச்ச?"

நானும் தலையாட்டினேன். (என் பி.காம் அங்கேயே செத்தது.)

மாங்காய் பறித்த இரண்டு அக்காக்களும் எங்கள் அம்மாவும் வழக்கம்போல டிரெய்லரில் குவியல்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் லோடு போனால் ஆளும் அதன்மேலேதான் போகும். அம்மா மடியில் ஒரு முறுக்குப் பொட்டலம்.

வண்டி நகர்ந்தது. இழுத்தது! சமவெளி ரோடு, சின்ன கியர், கரும்புகை. ஆனாலும் இழுத்தது.

"ஸ்டியரிங் பாருக்கா, ஒத்த வெரல்ல திரும்புது! பவர் ஸ்டியரிங் மாதிரி கீது!"

அவனுக்கு ஒரே குஷி. பின்பக்கம் பாரத்தில் குந்திப்போய், முன்சக்கரம் ரோட்டைச் சரியாகத் தொடாததால் வந்த சுகம் அது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஃபேக்டரிக்குப் போகும் வழியில் எடைமேடை. ஏறி நிறுத்தினோம். ஆபரேட்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு வண்டியையே பார்த்தார். தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

"ஏம்மா, இது டிராக்டர் ட்ரெய்லர் கதா? பிக்கப்ல எவுருமா கட்னது?"

சீட்டில் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்த்து 6,940 கிலோ.

நான் கேபினில் உட்கார்ந்து ஆர்.சி.யை எடுத்தேன். காலி வண்டி 1,740. சுமையோடு மொத்தமே 2,740-க்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருந்தது. அப்படியானால் முதுகில் ஏற்றவே ஒரு டன்தான் அனுமதி. பின்னால் தொங்குவதோ, எங்கள் இரண்டு பேரைக் கழித்தாலும் 5,000-க்கு மேல்!

"டேய் கஜா, நில்லுடா—"

பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன். கஜா அதற்குள் மேடையை விட்டு வண்டியை இறக்கிவிட்டான்.

சின்னச் சரிவுதான். சைக்கிள்கூட பிரேக் பிடிக்காமல் இறங்கும்.

கஜா பிரேக்கை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை!

சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. டிரெய்லர் பின்னால் இருந்து எங்களை நெட்டித் தள்ளியது. பிக்கப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. மேலே அக்காக்களின் அலறல். "அம்மா!" என்று நான் கத்தினேன். ஓரத்து ஜல்லிக் குவியலில் மூக்கை முட்டித்தான் நின்றது.

மாங்காய்கள் ரோட்டில் உருண்டன.

இறங்கி ஓடினேன். அம்மா டிரெய்லர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். யாருக்கும் அடி இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கஜா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"இழுத்துக்கினு தானக்கா வந்துச்சு..."

"இழுத்துச்சு. நின்னுச்சாடா?"

சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். வண்டி மாடலைச் சொன்னதும், "மேடம், உங்க வண்டிக்கு டிரெய்லர் இழுக்கிற அளவுன்னே கம்பெனி எதுவும் கொடுக்கல" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: டிராக்டர் கனமான வண்டி, பெரிய டயர், மெதுவாகப் போவது. அந்த டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் எங்கள் வண்டியின் பிரேக் ஒன்றே நிறுத்த வேண்டும். அதுவும் தேய்ந்த பிரேக்!

எச்பி கணக்கு போட்ட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஃபேக்டரிக்கு முன்னால் ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது.

திருத்தணிப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணனை அவர் டிராக்டரோடு வரச் சொன்னோம். (மாநில எல்லை பிரித்ததில் தோப்பு இந்தப்பக்கம், பெரியப்பா வீடு அந்தப்பக்கம். டிராக்டருக்கு அதெல்லாம் தெரியாது!) வந்தவர் குவியலைப் பார்த்தார்.

"என் டிராக்டருக்கே இது ஜாஸ்திடா. மேல கீறத எறக்கு."

இறக்கியதைப் பிக்கப்பின் முதுகில் ஏற்றினோம். எடைமேடையில் இரவல் வாங்கிய கிரேட்டுகளில் அள்ளி, அங்கிருந்த தராசில் ஒவ்வொன்றாக வைத்து, ஃபோனில் கூட்டிக் கூட்டி ஏற்றினான் கஜா. என் தம்பியா இது!

எங்கள் இரண்டு பேர் எடையும் சேர்த்து ஒரு டன் வந்ததும் நிறுத்திவிட்டான். அம்மா வழக்கம்போல மேலே ஏறக் காலைத் தூக்கினார்.

"மா! மேல ஏறாத. கேபின்ல உக்காரு."

"சரிடா."

"இரு இரு. மொதல்ல உன் வெயிட் எவ்ளோ, சொல்லு."

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார்.

"அத உங்க நைனாகிட்டயே நான் சொன்னதில்லடா!"

கஜா இரண்டு கிரேட்டை இறக்கி வைத்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, மூன்றாவதையும் காட்டினார்.