அத்திப்பள்ளிக்கு ஓர் அழைப்பு

எங்கள் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டி நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை போட்டு, குடிபோதையில் இரும்புக் கம்பியால் என் வீட்டுக்காரரின் வலது கையை உடைத்தான். குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் முதல் குற்றம், சின்ன வயது என்று சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட்டுவிட்டது. அடித்தவன் மறப்பான், பட்டவன் மறக்கமாட்டான் என்பார்கள். பட்டவர் மறந்தாலும் அவர் பெண்டாட்டி மறக்கமாட்டாள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்த அலுவலர் ஒரு பெண். அவனைப் பார்க்க வந்தவரை வழிமறித்தேன்.

"நீங்க அவன் கட்சியா மேடம்?"

"யார் கட்சியும் இல்லீங்க்கா. நான் போலீசும் இல்ல, வக்கீலும் இல்ல. அரசு ஊழியர். அவர் ஒழுங்கா இருக்காரான்னு பாக்கணும், வேலை போச்சுன்னா தேட உதவணும், கோர்ட்டுக்கு உள்ளத உள்ளபடி எழுதணும்."

"தப்புப் பண்ணுனா?"

"அதையும் எழுதுவேன். குடிக்கக் கூடாது, என்னைக் கேக்காம மாவட்டத்த விட்டுப் போகக் கூடாது. மீறுனா பழைய குற்றத்துக்கே கோர்ட்டு தண்டனை குடுக்கலாம்."

மாவட்டத்தை விட்டா! ஓசூரில் கொத்தமல்லி வாங்கப் போகிறவன்கூடப் பேச்சு சுவாரசியத்தில் கர்நாடகாவுக்குள் நடந்துவிடுவான். எல்லை எங்களுக்கு ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான்.

என் தங்கை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். புழு மாட்டாமல் மீன் வராது. வெற்றிலை பாக்குத் தட்டோடு அவன் வாசலில் போய் நின்றேன்.

"பழச மனசுல வெச்சுக்காத சாமி. குடும்பத்தோட வந்து சாப்புடணும்."

அவன் மனைவி அழுதேவிட்டாள். என் வீட்டுக்காரர் பதறினார்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"வாய மூடிக்கிட்டு வேட்டிய எடுத்து வைங்க."

வந்தான். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தான். உடைந்த கையின் விரல்கள் இன்னும் மடங்காமல் இவர் இடது கையால் சோற்றைத் துழாவ, அவன் வலது கையால் வாரி வாரித் தின்றான். பின்னால் 'அத்திப்பள்ளி' என்று எழுதிய கடைப் பலகை தெரியும்படி படமெடுத்து அலுவலருக்கு அனுப்பினேன். தொலைந்தான் என்று நினைத்தேன்.

உடனே போனில் பதிலாக அவர் குரல்பதிவு வந்தது: "போட்டோ பாத்தேங்க்கா. நேத்தே வந்து சொல்லி அனுமதி வாங்கிட்டுத்தான் போனாரு. அடிபட்டவங்களே கூப்புட்டு விருந்து போடறாங்கன்னா சும்மாவா? கோர்ட்டுக்கு எழுதற அறிக்கையில இதையும் சேத்துடறேன். உங்க மனசு யாருக்கு வரும்!"

என் கையாலேயே அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, ரசம்," என்றான் அவன், இலைச் சோற்றில் குழி பறித்துக்கொண்டு.

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி ஊற்றிய ரச வாளியைத் தூக்கினேன். குழியில் பாதி ஊற்றினேன். மீதியை அவன் மடியில்.

"ஐயோ, கை தவறிடுச்சு சாமி," என்றேன்.

துள்ளி எழுந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "பரவால்லீங்க்கா."

"உக்காரு, உக்காரு," என்றேன். "இன்னும் மோர் இருக்குது."