முகூர்த்தக்கால் நட்ட மண்டபம்

எங்கள் தெருமுனையில் இருக்கிற கல்யாண மண்டபத்தை, வெள்ளம் வந்தால் ஜனங்கள் ஏறித் தங்குகிற இடமாக மாற்றிய வேலையில் நானும் இருந்தேன். சேலத்தில் எங்கள் பகுதி பள்ளம். ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் ஓடை எங்கள் வாசலுக்கே வந்துவிடும். நான் மாநகராட்சியில் ஒப்பந்த என்ஜினியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா ரிக் வண்டியோடு ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடப் போவார். அம்மா வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு வளையம் பற்றவைப்பாள்.

பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அது ஒற்றைத் தளம், ஓட்டுக் கட்டடம், தெருவை விடவும் பள்ளம். அதனால் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தோம். கீழே பந்தி, மாடியில் மேடை, அதற்கும் மேலே மாப்பிள்ளை வீட்டாருக்கான ரூம்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் கிடந்த ஜெனரேட்டரைத் திண்டு கட்டி மேலே தூக்கினோம். சுவிட்ச் போர்டுகளை ஆள் உயரத்துக்கு ஏற்றினோம். பின் சுவரை இடித்துத் தனியாக ஒரு கேட் வைத்து, அங்கிருந்து நேராக மாடிக்கு இரும்புப் படி போட்டோம். வயசானவர்கள் பிடித்து ஏற இரண்டு பக்கமும் கைப்பிடி. வேலை முடிந்த அன்று மண்டபத்துக்காரர் கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க தம்பி. கல்யாணத்தன்னிக்கே தண்ணி வந்துட்டா?"

"வெள்ளமும் நாள் பாத்துத்தான் வருமாக்கும்" என்றார் எங்கள் அதிகாரி. எல்லாரும் சிரித்தோம்.

அப்பா ஐப்பசியில் போனார். தம்மம்பட்டிப் பக்கம் போர் ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சுடுகாட்டில் என் தலையையும் மீசையையும் வழித்தார்கள். கருமாதிக்கு நாள் குறித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை நிற்காமல் அடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாயங்காலம், ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்தது. முதலில் சத்தந்தான் வந்தது. ஜல்லி லாரியைச் சாய்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு தெருவுக்குள் செம்மண் தண்ணீர் ஆள் ஓடுகிற வேகத்தில் வந்தது. எதிர்வீட்டு மொபெட்டைப் புரட்டி மின்கம்பத்தில் அடித்தது. கட்டிப்போட்டிருந்த வெள்ளாடு கயிறோடு இழுபட்டு, கழுத்து முறிந்து, எங்கள் கண்ணெதிரே மல்லாந்தது. தறிக்குடோன் மண்சுவர் ஒன்று உப்பி, நடுவில் பிளந்து விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ அலறியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"மண்டபத்துக்குப் போங்க! எல்லாரும் மண்டபத்துக்கு!" என்று கத்திக்கொண்டே வீடு வீடாக ஓடினேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பின் கேட்டுக்கு முதலில் போனோம். திறக்க முடியவில்லை. உள்ளே சமையல்காரர்கள் கேட்டை ஒட்டிச் செங்கல் அடுக்கிக் கோட்டை அடுப்பு போட்டிருந்தார்கள். படிக்கட்டு முழுக்க விறகும் கேஸ் சிலிண்டரும் அண்டாவும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மறுநாள் காலை அங்கே முகூர்த்தம்.

முன்வாசலில் வாழைமரம் கட்டி, முகூர்த்தக்கால் நட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் வைத்து வந்திருந்தார்கள். நாங்கள் வருவதைப் பார்த்ததும் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், பட்டு வேட்டி, கழுத்து கொள்ளாத சங்கிலி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, கேட்டைத் தொறங்க. வெள்ளத்துக்குன்னு அரசாங்கம் சொன்ன எடமுங்க இது" என்றேன்.

"கல்யாணம் அரசாங்கமா பண்ணுது? பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

"பள்ளிக்கூடம் முங்கிப்போச்சுங்க."

என் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, தறி ஓட்டுகிறவள், கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். "எங்களுக்கு எலை போடச் சொல்லலீங்க மாமா! ஏற எடங்குடுங்கன்னுதான் கேக்கறோம். வேணும்னா மொய் வெச்சிட்டே ஏறுறோம், கேட்டை உடுங்க!" என்றாள். அந்த நேரத்திலும் சிலர் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளியது. தண்ணீர் தள்ளியதால் ஜனம் தள்ளியது. கேட் தண்டவாளத்தை விட்டு எகிறி உள்பக்கமாகச் சாய்ந்தது. அதன் அடியில் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவனின் கால் மாட்டிக்கொண்டது. அவன் கத்த, அவன் ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து எங்கள் மேல் வீச, எங்கள் ஆட்கள் வாழைமரத்தைப் பிடுங்கி அடித்தார்கள். சமையல்கட்டிலிருந்து ஒருவன் கரண்டியோடு வந்தான். இரும்புக் கரண்டி. அது ஒரு தறிக்காரர் காதைக் கிழித்ததைப் பார்த்தேன். என் நெற்றியில் ஒரு நாற்காலிக் கால் பட்டு, தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது.

தாய்மாமன் என் மொட்டையைப் பார்த்தார்.

"எழவு ஊட்டுக்காரனா நீ? வழிச்ச தலையோட முகூர்த்தக்காலைத் தாண்டி வாரியா?" என்று என் வயிற்றில் எட்டி உதைத்தார். விழுந்தேன். மறுபடியும் உதைத்தார். வாயில் செம்மண் தண்ணீர் புகுந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் எவனுக்கும் தீட்டு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கருமாதி முடிகிற வரைக்கும் இழவு வீட்டுக்காரன் கல்யாணப் பந்தலுக்குள் கால் வைக்க மாட்டான். எனக்கும் தெரியும். சுவிட்ச் போர்டு உயரத்தை யோசித்தேனே தவிர இதை யோசித்ததில்லை.

அதற்குள் ஜனம் என்னைத் தாண்டி மாடிக்கு ஏறிவிட்டது. தறி ஓட்டுகிற அக்கா குழந்தையோடு ஏறிவிட்டாள். நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். அம்மா ஏறவில்லை.

அவள் எதிர்க்கடைப் படியில், மூடிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டிருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது.

தண்ணீருக்குள் இறங்கி அவளிடம் போனேன். "வா அம்மா."

"நீ போ சாமி. நான் வரல."

"முங்கிருவே!"

"முங்கறேன். நாளைக்கு ஒரு புள்ள கழுத்துல தாலி ஏறப்போவுது. இப்பத்தான் தாலி கழட்டினவ நான் அங்க வந்து நிப்பனா? அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு ஆவறதெல்லாம் ஆயிருச்சு."

கையைப் பிடித்தேன். உதறினாள். இடுப்பைப் பிடித்தேன். கன்னத்தில் அறைந்தாள். சின்ன வயசில்கூட அப்படி அறைந்ததில்லை. ஷட்டரின் கைப்பிடியை அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. என் மணிக்கட்டில் கடித்தாள், ரத்தம் வந்தது. எங்கிருந்தோ ஒரு பீரோ மிதந்து வந்து கடையின் தூணில் மோதியது. அடுத்தது எங்கள் மேல் மோதும் என்று தோன்றியது. அம்மாவை அடித்தேன். காதோடு சேர்த்து, கையை ஓங்கி. அவள் பிடி தளர்ந்தது. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

மண்டபத்துக்குள் மாடிப்படியில் தாய்மாமன் வழியை மறித்து நின்றார். "அவளை உள்ள கொண்டாராதே. கெஞ்சிக் கேக்கறேன், தம்பி. என் தங்கச்சி மகன் கல்யாணம்" என்றார். அவருக்கும் பயம். மொட்டைத் தலையைக் குனிந்து அவர் நெஞ்சில் முட்டினேன். அவர் படியில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தாண்டி ஏறினேன்.

மாடியில் மணவறை ஜோடித்திருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தண்ணீர் பந்திக் கூடத்துக்குள் புகுந்து ஏறி, இரும்புப் படியின் பாதி வரைக்கும் வந்து நின்றது. அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் விடிய விடியக் கேட்டது. காலையில் சேறும் ரத்தமும் காய்ந்த ஜனங்களுக்கு நடுவே தாலி கட்டினார்கள். கெட்டிமேளத்துக்குப் பதிலாக யாரோ தட்டைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தாள். வீங்கிய கன்னம் அப்போதும் சிவப்பாக இருந்தது.

நான் அடித்ததைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மல்லசமுத்திரம் பக்கத்து ஆள் யார் கொலுசு வாங்க வந்தாலும், "அந்தப் புள்ள நல்லா இருக்குதாங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் ஒரு நாள் வீட்டில் அவளைக் காணவில்லை. பள்ளிக்கூடத்து வராண்டாவில் இருந்தாள். ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்கி, பாயும் ஒரு பையும் வைத்திருந்தாள்.

"இது நம்ம ஊட்டை விடப் பள்ளம் அம்மா. இங்கதான் தண்ணி மொதல்ல வரும்."

"வரட்டும். அந்தப் புள்ள மாசமா இருக்குதாம் சாமி. அது நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். அதுக்கப்பறம் நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன். அது வரைக்கும் அந்த மண்டபத்துப் பேச்சை எடுக்காதே."

மறுநாள் அளவெடுக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓட்டுக் கூரையில் யாரையும் ஏற்ற முடியாது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியைத் தாங்குகிற தூண்களுக்கு நடுவே, போன வெள்ளத்தின் கறைக்கு வெகு மேலே, குறுக்கு உத்திரங்கள் ஓடுகின்றன. தூண்களைத் தட்டிப் பார்த்தேன். பலமாகத்தான் இருந்தன. உத்திரத்தின் மேல் தளம் போட்டு, சுற்றிக் கம்பி கட்டிவிடலாம். ஏணி செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக வைத்தால் அம்மா தானாகவே ஏறிவிடுவாள்.