என் பெயரில் ஓடிய துடிப்பு

வேலையை நீட்டிக்க மூன்று நாள் சோதனை வேண்டும் என்றது செனாய் தொழிற்சாலை. நெஞ்சில் ஒட்டும் பட்டை துடிப்பை அளக்கும். இடுப்புப் பெட்டி அதை கிளினிக்குக்கு அனுப்பும். எனக்கோ ரத்த அழுத்தம். பெரிய கெட்டிக்காரனாட்டம் இரண்டையும் மனைவிக்கு மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது.

"உங்க சட்டைக்குள்ள யாரு பாக்கப் போறாங்க லா?" என்று சிரித்தாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கிளினிக் தாதி எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, உங்க துடிப்பு ரொம்ப மோசமா இருக்கு. அசையாம உக்காருங்க. தனியாவா இருக்கீங்க?"

என்னைச் சுற்றி ஐம்பது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெர்மாஸ் ஜெயா பகுதியில் எங்கள் வீட்டில் அவள்தான் தனியாக இருந்தாள்.