பச்சையாய் நின்ற வயல்

ராமாமிர்தம் மாமா இறந்து பதினெட்டு நாளாகிறது. என் அம்மாவின் தம்பி. குமராட்சிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு சைக்கிள், விரலிடுக்கில் ஆறாத சேற்றுப்புண். இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. வயலில் ஒரு குத்துப் பயிர் சாய்ந்து கிடந்தால் சோறு இறங்காத மனிதர்.

போன வருடம் கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, நட்ட சம்பா ஆறு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்தபோது பாதிக்கு மேல் அழுகல். ஆபீசர் கணக்கெடுக்க வருவார், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமிருந்தால் அரசாங்க நிவாரணம் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். மாமாவுக்கும் தெரியும். அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த சாகுபடிக்கு விதையும் உழவும்.

ஆனாலும் அவரால் கை கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாளே செல்லாயி அத்தையுடன் இறங்கிவிட்டார். மேட்டுப் பக்கம் பிழைத்து நெருக்கமாக நின்ற பயிரில் கொஞ்சம் பிடுங்கி, அழுகிய இடமெல்லாம் நட்டார்கள்.

பக்கத்து வயல் பக்கிரி வரப்பில் நின்று கிண்டல் செய்தார்.

“யோவ் மச்சான், வயலுக்குப் பவுடர் போட்டு வுடுறியா? ஆபீசரு என்னா பொண்ணு பாக்கவா வர்றாரு?”

“பயிரு சாவறதப் பாத்துக்கிட்டு எப்புட்றா குந்தியிருக்கறது?”

ஒன்பதாம் நாள் ஆபீசர் வந்தார். பக்கிரியின் வயல் கறுத்து நாறியது. மாமாவின் வயல் பச்சையாய் நின்றது.

“இங்க சேதமே இல்லியே பெரியவரே?”

“பாதிக்கு மேல அழுவிப்போச்சு சார். நாந்தான் மறுபடி நட்டன்.”

“போட்டோவுல பச்சையாதான தெரியும்? நான் என்னா எழுதறது?”

பக்கிரிக்குப் பணம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. மார்கழி மழையில் அந்த நடவும் போயிற்று. அதற்குக் கணக்கெடுப்பு கிடையாது. அத்தை தோட்டைக் கழற்றிக் கொடுக்க, இந்த வருடம் மறுபடி நட்டார். மறுபடியும் கார்த்திகை, மறுபடியும் தண்ணீர்.

இம்முறை ஊரே அவரைத் தடுத்தது. நானும் கடலூரிலிருந்து போன் செய்தேன். “ஆபீசர் வர்ற வரைக்கும் வயல் பக்கமே போவாதீங்க மாமா.” படித்த பையன் சொன்னதாயிற்றே, கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாராம். நாலாம் நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சிதம்பரம் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் செய்த மறுநாள், பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். பக்கிரி தயங்கித் தயங்கி வந்தார். ஆபீசர் வந்திருக்கிறாராம், வயலுக்குச் சொந்தக்காரர் நிற்கும் போட்டோ வேண்டுமாம். நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆபீசர் விவரம் கேட்டுவிட்டு வயலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, “முழு சேதம்மா. வாரிசு சர்டிபிகேட் வாங்கிக் குடுங்க, ஒங்க பேர்ல வந்துடும். சித்த உள்ள எறங்கி நில்லுங்க” என்றார்.

அத்தை சேற்றில் இறங்கினாள். அழுகலுக்கு நடுவே ஒரே ஒரு குத்து உயிரோடு சாய்ந்து கிடந்தது. ஆபீசர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். அத்தை குனிந்து அதை நிமிர்த்தி, தூரைச் சுற்றிச் சேற்றை அணைத்தாள்.

“நிமிருங்கம்மா, மொகம் தெரியல.”

அத்தை அடுத்த குத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.