எண் இல்லாத கற்கள்

2007 ஏப்ரல் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை காலை ஏழரை மணி. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நிலையத்தில் ரயில் ஏறும்போது என்னிடம் ஒரு பெட்டியும் அந்தோனி அண்ணையிடம் மூன்று பெட்டிகளும் இருந்தன. அவருடைய பெட்டிகளில் ஒன்று முழுக்கத் தின்பண்டம். சீனாவில் ஏழு நாள் என்றதும் அவருடைய மனைவி ஏழு மாதத்துக்குப் போதுமான தட்டை வடை சுட்டுக் கொடுத்திருந்தார். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அவற்றைச் சோதித்த அதிகாரி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

நாங்கள் இருவரும் ஓர் இயந்திரத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். மருந்துப் பெட்டி அட்டைகளை மடித்து ஒட்டும் இயந்திரம் அது; முப்பது மீற்றர் நீளம். பீலெஃபெல்டில் எங்கள் தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடி, இயந்திரத்தைப் பெய்ஜிங்கிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. குளிர்காலத்தில் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் வெள்ளைப் பெயின்றால் எண் போட்டு, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினோம். எண் போடும் வேலைக்குப் பொறுப்பு நான். இயந்திரம் அங்கே சரியாக ஓடினால் பக்கத்து ஊரிலுள்ள கிளையில் எனக்கு வேலை உண்டு என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர். வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடத்துக்கு மேல் அந்த இயந்திரத்தின் மூன்றாம் பகுதியில் நின்றவர். உண்மையில் என்னோடு வரவேண்டியவர் ஒரு ஜெர்மன்காரர். அவருக்கு முதுகுவலி வந்து படுத்துவிட, அண்ணையை அனுப்பினார்கள். ஆள் இயல்பிலேயே கலகலப்பானவர். ஆனால் விமானத்தில் பத்து மணி நேரமும் வாய் திறக்கவில்லை. பயணம் ஒத்துவரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தொழிற்சாலையில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மற்றப் பகுதிகளையெல்லாம் சீனத் தொழிலாளர்கள் ஏற்கெனவே பொருத்திப் பூட்டி முடித்திருந்தார்கள். மூன்றாம் பகுதியின் பெட்டிகள் மட்டும் திறந்தபடி கிடந்தன. உள்ளே உருளைகள், தாங்கிகள், பட்டிகள், சட்டங்கள். ஒன்றிலும் எண் இல்லை. கடல் ஈரத்தில் பெயின்ற் உரிந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே பொறுப்பாக இருந்த பொறியியலாளர் திருமதி லியூ ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் படித்தவர்; அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிடச் சுத்தம். அவர் ஓர் உருளையை வெளிச்சத்தில் பிடித்து, கடல் நீர் இப்படி நேர்கோட்டில் துடைக்காது என்றார். துணியால் துடைத்த தடம் தெரிந்தது. புதன்கிழமைக்குள் இயந்திரம் ஓடவேண்டும். வியாழக்கிழமை எங்களுக்கு விமானம்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி. தொழிற்சாலைக்கு விடுமுறை. விடுதி அறையில் இருந்து நகத்தைக் கடிக்காமல் வெளியே வாருங்கள் என்று திருமதி லியூ அழைத்தார். அவருடைய பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய அரச பூங்கா ஒன்று இருக்கிறதாம். யுவான்மிங்யுவான் என்று பெயர். டோங்ஜிமென் நிலையத்திலிருந்து நகரத்தைச் சுற்றி வளைத்துப் போகும் ரயிலில் ஆளுக்கு மூன்று யுவான். ஒரு யூரோ ஏறக்குறையப் பத்து யுவான். பீலெஃபெல்ட் ட்ராமில் இந்தக் காசுக்கு ஏறிப் படியில்கூட நிற்க விடமாட்டார்கள். வூடாவ்கோவில் இறங்கி வாடகைக் கார். சாரதி எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எந்த நாடு என்று கேட்டார். ஜெர்மனி என்று திருமதி லியூ சொன்னதும் அவர் திரும்பி எங்கள் முகங்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸுக்கு வருவீர்களா என்று கேட்டார். கிழக்கு வாசலில் இறங்கப் பத்து யுவான்தான் ஆனது. நுழைவுச் சீட்டு பத்து. இடிபாடுகளைப் பார்க்க மேலும் பதினைந்து.

அரச பூங்கா என்றதும் பூவும் மாடமும் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்துபோவார். கண்ணுக்கு எட்டிய தூரம் மரங்கள், ஏரிகள், புல் முளைத்த மேடுகள். மொத்தம் முந்நூற்றைம்பது ஹெக்டேர். பொப்லர் மரங்களின் வெள்ளைப் பஞ்சு காற்றில் பறந்து மூக்குக்குள் ஏறியது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு காலத்தில் ஒரு மண்டபம் இருந்ததாம். எல்லாம் மரத்தால் கட்டியவை. 1860 அக்டோபரில் பிரித்தானியப் படையும் பிரெஞ்சுப் படையும் வந்து, முதலில் கொள்ளையடித்தன; பிறகு பிரித்தானியப் படை தீ வைத்தது. மரம் சாம்பலானது. வடகிழக்கு மூலையில், ஐரோப்பிய பாணியில் கல்லால் கட்டிய மாளிகைகள் மட்டும் அரைகுறையாக நின்றன. எல்லோரும் படம் எடுப்பது இவற்றைத்தான்.

பத்தரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக் கல் தூண்கள், சிப்பி வடிவச் செதுக்கல்கள், மேலே ஒன்றும் இல்லாத ஒரு வாசல் வளைவு. அதன் முன்னால் வறண்டுபோன நீரூற்றுத் தொட்டி. பள்ளிப் பிள்ளைகள் சிவப்புக் கழுத்துத் துணியோடு வரிசையில் நின்று ஆசிரியை சொல்வதைக் கேட்டார்கள். இந்த மாளிகைகளையும் நீரூற்றுகளையும் வரைந்து கொடுத்தவர்கள் அரசரிடம் வேலை பார்த்த இத்தாலிய, பிரெஞ்சுக் குருமார் என்று திருமதி லியூ சொன்னார். கத்தோலிக்கரான அந்தோனி அண்ணை மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்து, சுவாமிமார் கோயில் கட்டாமல் அரசனுக்குத் தண்ணி விளையாட்டா கட்டிக் குடுத்தவை என்று கேட்டார். திருமதி லியூவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார்.

பக்கத்துப் புல்தரையில் நூற்றுக்கணக்கான கற்கள் வரிசையாகக் கிடந்தன. பாதித் தூண், உடைந்த பூவிதழ், ஏதோ ஒரு படியின் விளிம்பு. இவற்றையெல்லாம் சேர்த்துத் திரும்பக் கட்டினால் என்ன என்று கேட்டேன். கட்டவேண்டும் என்று ஒரு கூட்டம், அப்படியே கிடக்கட்டும் என்று இன்னொரு கூட்டம், பல வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள் என்றார் அவர். பிறகு ஒரு கல்லைக் காட்டினார். அந்நியர் எரித்தது ஒருபுறம். அதற்குப் பிறகு பல காலம் எங்கள் ஆட்களே வண்டி கட்டி வந்து கல்லை ஏற்றிப்போய் வீடும் பன்றிக்கொட்டிலும் கட்டினார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"எடுத்தவர் ஒருவரும் எண் போட்டு எடுக்கவில்லை. எது எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களும் செத்துப்போனார்கள். கல் இருந்து என்ன செய்ய?"

இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைப்பக்கம் நடந்தார். அந்தோனி அண்ணை ஒரு கல்லின் முன்னால் குந்தியிருந்து அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் வடைப் பொதியைப் பிரித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். மூண்டாம் பகுதியின்ரை நம்பரை அழிச்சது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெட்டி அடைத்த கடைசி நாள், எல்லோரும் பியர் குடிக்கப் போன நேரத்தில், பெயின்ற் கரைக்கும் தின்னரும் துணியுமாக உள்ளே போனாராம். தன் பாதி வயதை விழுங்கிய இயந்திரம் இன்னோர் ஊரில் இன்னொருவன் கையில் ஓடுவதைத் தாங்கமுடியவில்லையாம். ஓடாமல் கிடக்கட்டும் என்று நினைத்தாராம். தன்னையே அனுப்புவார்கள் என்று கனவிலும் எண்ணவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"என்ரை பேரிலைதானே அண்ணை அந்த வேலை இருந்தது. எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. ஒருக்கா நினைச்சுப் பாத்தியளா?"

"இல்லையடா. மெசினைத்தான் நினைச்சன். உன்னை நினைக்கேல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து போய் நீரூற்றுத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு பள்ளிப் பையன் என்னோடு நின்று படம் எடுக்கக் கேட்டான். அந்தப் படத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. திரும்பி வந்தபோதும் அண்ணை அதே இடத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது. நம்பர் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு துண்டும் தன் கைக்குத் தெரியும், பூட்டித் தருகிறேன் என்றார். சனிக்கிழமையே அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் விடவில்லை.

திருமதி லியூ மூன்று தண்ணீர்ப் போத்தல்களும் மூன்று அவித்த சோளமுமாக வந்தார். சோளம் ஒன்று மூன்று யுவான். அண்ணை எழுந்து நின்று, தன்னுடைய உடைந்த ஜெர்மனில், நாளைக்குத் தானே எல்லாவற்றையும் அடுக்கித் தருவதாகச் சொன்னார். ஏன் என்று திருமதி லியூ கேட்கவில்லை. சோளத்தை நீட்டினார்.

"இந்த முறை பெயின்ற் வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு பெரிய ஏரியைச் சுற்றி நடந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பினோம். நான் அண்ணையோடு பேசவில்லை. அவருடைய வடையைத் தின்றேன். அது வேறு விஷயம்.

திங்கள், செவ்வாய். அண்ணை தரையில் பெரிய தாள் விரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தடவிப் பார்த்து, வரிசை பிடித்தார். பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து இரும்பிலேயே எண்ணைப் பதித்தார். நான் பக்கத்தில் நின்று துண்டுகளைப் பிடித்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் என் கோபம் எங்கேயோ போய்விட்டது. புதன்கிழமை பதினொரு மணிக்கு இயந்திரம் ஓடியது. அட்டைகள் பெட்டிகளாகி மறுமுனையில் வந்து விழ, சீனத் தொழிலாளர்கள் கை தட்டினார்கள். மூன்றாம் பகுதியில் நிற்கப்போகும் பெண்ணுக்கு நிறுத்தும் பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டு அண்ணை விலகி நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை, பீலெஃபெல்ட். பெய்ஜிங்குக்குக் கொண்டுபோன கருவிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இருவரும் பழைய மண்டபத்துக்குப் போனோம். எனக்குக் கிளையில் வேலை நிச்சயமாகியிருந்தது. அண்ணை முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மண்டபம் காலி. தரையில் மரையாணி பிடுங்கிய துளைகள். கழற்றத் தொடங்கிய நாளில் எந்தப் பகுதி எங்கே நின்றது என்று நான் தரையில் போட்ட எண்கள் மட்டும் வெள்ளையாகக் கிடந்தன. பெய்ஜிங்கில் கல்லைப் பார்த்து வராத துக்கம் எனக்கு இங்கே வந்தது.

அண்ணை நேரே போய் மூன்றாம் எண்ணின் மேல் நின்றார். வெளியே வேலை முடிந்த சங்கு ஊதியது. அவருடைய வலது கை தானாகப் பக்கத்தில் நீண்டு, நிறுத்தும் பொத்தானைத் தேடியது.